பின்வரிசை பிரெஞ்சுக்காரர்!

தாம்பரம் - பீச் மின்சார ரயிலில் காலை எட்டரை மணி வாக்கில் தொற்றிக்கொள்கிறவர்களுக்கு, டிஃபெண்டர் என்றால் என்ன என்று தனியாகப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, காலை அகட்டிவைத்து, டிபன் பாக்ஸ் பையை மார்போடு அணைத்தபடி நிற்பாரே ஓர் ஆசாமி... அவர்தான்! குரோம்பேட்டையில் பத்துப் பேர், பல்லாவரத்தில் இருபது பேர், பழவந்தாங்கலில் ஒரு படையே திரண்டு வந்தாலும் மனுஷன் அசைந்து கொடுக்கமாட்டார். உள்ளே நாலு பேர் நிற்க இடம் இருக்கும். அது வேறு விஷயம்!

நானும் அந்த வாசல் கோஷ்டியில் பல வருஷ அனுபவம் உள்ளவன். ஆனாலும் 2014 வரைக்கும் ஒரே ஒரு ஃபுட்பால் டிஃபெண்டரின் பெயர்கூட எனக்குத் தெரியாது. ஃபுட்பால் என்றால் மரடோனா. அப்புறம் ரொனால்டோ, மெஸ்ஸி. கோல் போடுகிறவன் ஹீரோ. தடுக்கிறவன்? நம் சினிமாவில் ஹீரோவிடம் வரிசையாக வந்து உதை வாங்கிக்கொண்டு போவார்களே, அந்த ஸ்டன்ட் ஆட்களில் ஒருவன். அவ்வளவுதான் என் ஞானம்.

அந்தக் கண்ணைத் திறந்துவைத்த புண்ணியம் இரண்டு பேருக்குச் சேரும். ஒருவர் பெர்னார் மெண்டி. பிரெஞ்சுக்காரர். இன்னொருவன் என் மச்சினன். செலவுக்காரன்.

*

2014 அக்டோபரில் இந்தியன் சூப்பர் லீக் ஆரம்பமானபோது, சென்னைக்கும் 'சென்னையின் எஃப்.சி.' என்று ஓர் அணி கிடைத்தது. தோனியும் அபிஷேக் பச்சனும் முதலாளிகளில் இருவர். நேரு ஸ்டேடியத்தில் மேட்ச். மச்சினன் ஒரு நீலச் சட்டையை மாட்டிக்கொண்டு முடிச்சூரில் இருக்கும் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"மாமா, கிளம்புங்க. டிக்கெட் எடுத்துட்டேன்."

"எவ்வளவுடா?"

"அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம் மாமா."

அவன் அகராதியில் 'அப்புறம்' என்றால் என் சம்பளத் தேதி.

பார்க் ஸ்டேஷனில் இறங்கி, கூட்டத்தோடு கூட்டமாக நடந்து, ஸ்டேடியத்துக்குள் போய் உட்கார்ந்தோம். விளக்கு வெளிச்சத்தில் பச்சைப் புல்லைப் பார்த்ததும் எனக்கே கொஞ்சம் சிலிர்த்தது. மச்சினன் ஒவ்வொருவராக அறிமுகம் செய்துவைத்தான், கல்யாண வீட்டில் சம்பந்தியைக் காட்டுகிற மாதிரி.

"அதோ, மொட்டைத் தலை... மாட்டராஸி. நம்ம கோச். அவரே ஆடவும் செய்வார். 2006 வேர்ல்டு கப் ஃபைனல்ல ஜிடேன் நெஞ்சுல முட்டினாரே, அந்த முட்டை வாங்கினவர்."

"அவருக்கு வயசு என்னடா?"

"நாப்பத்தொண்ணு."

"சரி... பக்கத்துல?"

"சில்வெஸ்டர். மான்செஸ்டர் யுனைடெட்ல ஒன்பது வருஷம் ஆடினவர். வயசு முப்பத்தேழு. அவருக்கு அந்தாண்ட நிக்கிறவர் மெண்டி. பாரிஸ் டீம்ல எட்டு வருஷம் இருந்தவர். முப்பத்து மூணு."

"டேய், இது ஃபுட்பால் டீமா, பென்ஷனர் சங்கமா?"

முன்வரிசையில் இருந்த ஒரு பையன் திரும்பி முறைத்தான். நான் பாப்கார்னில் கவனத்தைத் திருப்பினேன்.

அந்த வருஷம் பெரிய பெயர்கள் பல இந்தியாவுக்கு வந்தன. பிரான்ஸிலிருந்து மட்டும் எடுத்துக்கொண்டால் கோவாவுக்கு ராபர்ட் பிரெஸ், புனேவுக்கு டிரெசெகே, மும்பைக்கு அனெல்கா. எல்லாரும் பேப்பரில் தலைப்புச் செய்தி ஆகிறவர்கள். நமக்கு வந்த சில்வெஸ்டரும் மெண்டியும் டிஃபெண்டர்கள். 'நமக்குன்னு எப்பவும் பின்சீட்டுதானா!' என்று நான் நினைத்துக்கொண்டேன்.

சில்வெஸ்டர் கதை சுவாரசியமானது. 2006-ல் பெர்லினில் நடந்த அந்த உலகக் கோப்பை ஃபைனலுக்கு வந்த பிரான்ஸ் அணியில் அவரும் இருந்தார். மாட்டராஸி அன்று பிரான்ஸுக்கு எதிராக ஒரு கோல் போட்டு, ஜிடேனிடம் முட்டு வாங்கி, அவரை வெளியே அனுப்பவைத்து, கடைசியில் பெனால்டி ஷூட் அவுட்டில் கோப்பையையும் தூக்கிக்கொண்டு போனார். எட்டு வருஷம் கழித்துச் சென்னைக்கு வந்து பார்த்தால், சில்வெஸ்டருக்கு அவரே மேலதிகாரி!

நமக்குப் புரியாததா? எந்த ஆளோடு சண்டை போட்டோமோ அவரே ப்ரமோஷனில் நம் செக்ஷனுக்கு ஆபீசராக வந்து உட்காருவது நம் ஊரில் தினசரி நடக்கிற கதைதானே. சில்வெஸ்டர் முணுமுணுக்காமல் வேலையைப் பார்த்தார். லீக் பட்டியலில் சென்னை முதலிடம்.

*

அப்புறம் அரையிறுதி. எதிரி கேரளா. கொச்சியில் நடந்த முதல் ஆட்டத்தில் 3-0 என்று அடி. 2014 டிசம்பர் 16-ம் தேதி, செவ்வாய்க்கிழமை, நேரு ஸ்டேடியத்தில் இரண்டாவது ஆட்டம். ஆபீஸில் 'மாமியாருக்கு உடம்பு சரியில்லை' என்று சொல்லிவிட்டு முன்னதாகவே கிளம்பினேன். (மாமியார் இதைப் படிக்கமாட்டார் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.)

அரை மணி ஆவதற்குள் கேரளாவின் மெக்காலிஸ்டர் சிவப்பு அட்டை வாங்கி வெளியேறினார். 42-வது நிமிஷம் முதல் கோல் விழுந்தது. போட்டது யார் தெரியுமா? பென்ஷனர் என்று நான் சொன்னேனே, அதே சில்வெஸ்டர்! 76-வது நிமிஷம் கேரளாவின் சந்தேஷ் ஜிங்கன் காலில் பட்டுச் சொந்த கோல். 90-வது நிமிஷம் ஜேஜே. மூன்றுக்கு மூன்று! பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத ஆள் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். நானும் அழுதேன். அவர் சட்டையில் மூக்கைத் துடைத்துக்கொண்டதாக மச்சினன் சொல்கிறான். அபாண்டம்!

எக்ஸ்ட்ரா டைம். அதில் மாட்டராஸிக்கும் சிவப்பு அட்டை. ஷூட் அவுட் வரப்போகிறது என்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தபோது, 117-வது நிமிஷம் பியர்சன் ஒரு கோல் போட்டார். முடிந்தது கதை. மொத்தக் கணக்கில் 4-3. கேரளா ஃபைனலுக்கு, நாங்கள் பார்க் ஸ்டேஷனுக்கு.

ரயிலில் இடம் கிடைத்தது. பேச்சுதான் வரவில்லை. எழும்பூர் தாண்டியதும் மச்சினன் மெதுவாக ஆரம்பித்தான். துக்க வீட்டில் யாராவது ஒருவர் பேச்சை மாற்றுவாரே, அந்த மாதிரி.

"மாமா, மெண்டி கதை தெரியுமா உங்களுக்கு?"

எனக்குத் தெரியாது. தாம்பரம் போய்ச் சேர்வதற்குள் தெரிந்துவிட்டது.

*

பெர்னார் மெண்டி 1981 ஆகஸ்டில், பிரான்ஸின் நார்மண்டி பகுதியில் உள்ள எவ்ரூ என்ற ஊரில் பிறந்தவர். செனகல் நாட்டு வம்சாவளி. நம் தாம்பரம் மாதிரி, பெரிய நகரத்துக்கு ரயில் ஏறிப் போகிற தூரத்தில் உள்ள ஊர். கான் என்ற ஊர் கிளப்பில் ஆடத் தொடங்கி, 2000-ல் பாரிஸ் செயின்ட் ஜெர்மெய்ன் அணிக்கு வந்து சேர்ந்தார். இன்றைக்கு இருக்கும் கோடீஸ்வர பி.எஸ்.ஜி. இல்லை. அந்தக் காலத்து பி.எஸ்.ஜி. ஒரு நாள் கோப்பை வாங்கும், மறுநாள் குப்புற விழும்.

ரைட் பேக். வேகம் என்றால் அப்படி ஒரு வேகம். ஆனால், ஓடிப்போய் கிராஸ் அடித்தால் பந்து எங்கே போகும் என்று அவருக்கே தெரியாது என்று பாரிஸ் ரசிகர்கள் செல்லமாகக் கிண்டல் செய்வார்கள்.

"அந்த வேகத்தை உலகமே பாத்துச்சு மாமா!" என்றான் மச்சினன். ரயில் கோடம்பாக்கத்தில் நின்றிருந்தது.

2004 மே 20. ஃபிஃபாவுக்கு நூறு வயது நிறைந்ததற்காக பாரிஸில் பிரான்ஸும் பிரேஸிலும் மோதின. பிரேஸில் பக்கம் லெஃப்ட் பேக் ராபர்ட்டோ கார்லோஸ். உலகத்திலேயே வேகமான பேக் என்று பெயர் வாங்கியவர். அவரை மெண்டி ஓட்டத்திலேயே தாண்டிக்கொண்டு போனார். எக்ஸ்பிரஸ் பக்கத்து லைனில் போகும்போது நம் லோக்கல் நிற்குமே, அந்த மாதிரி நின்றுவிட்டார் கார்லோஸ். ஆட்டம் 0-0. கோல் இல்லை. ஆனால் பிரான்ஸில் அந்த ஓட்டத்தை இன்றைக்கும் பேசுகிறார்கள்.

"அப்புறம் என்ன, அடுத்த மாசம் யூரோ கோப்பைக்குப் போயிருப்பாரே?"

"இல்ல மாமா. டீம்ல பேரே இல்ல. சில்வெஸ்டர் போனார். இவர் போகல. பிரான்ஸுக்கு மொத்தம் மூணே மேட்ச்தான் ஆடினார். மூணும் அந்த ஒரே வருஷம்."

எனக்குச் சுருக்கென்றது. ஒரு தடவை பெரியவரையே தாண்டி ஓடிக் காட்டியும் லிஸ்டில் பெயர் வராத வேதனை, டிபார்ட்மென்ட் பரீட்சை எழுதியவர்களுக்குத் தெரியும்.

மாம்பலம் தாண்டி வண்டி வேகம் பிடித்தது. மச்சினனும் வேகம் பிடித்தான்.

மெண்டியின் வாழ்க்கையில் ஒரு விசித்திரம் உண்டு. அவர் இருந்த அணிகள் அடிக்கடி கடைசிப் படியில் போய் நிற்கும். ஐரோப்பாவில் பட்டியலின் அடியில் முடிக்கிற அணியைக் கீழ் டிவிஷனுக்கு இறக்கிவிடுவார்கள். சஸ்பென்ஷன் மாதிரி இல்லை, டீமோஷன் மாதிரி. சம்பளம், மானம் எல்லாம் போய்விடும். மெண்டி அந்த விளிம்பில் நின்று பழகியவர்.

2002-ல் இங்கிலாந்தின் போல்டன் அணிக்கு ஒரு வருஷ டெபுடேஷனில் போனார். அந்த சீசன், போல்டன் கடைசி நாள் ஆட்டத்தில்தான் தப்பியது. 17-வது இடம். அதற்குக் கீழே விழுந்தால் வீடு.

2008-ல் பாரிஸ் அணிக்கே அந்த நிலைமை. லீகில் தட்டுத்தடுமாறி 16-வது இடம். அதுவும் கடைசி ஆட்டத்தை ஜெயித்ததால் கிடைத்தது. அதே வருஷம் மார்ச்சில் பிரெஞ்சு லீக் கோப்பை ஃபைனல். எதிரே லான்ஸ். ஆட்டம் 1-1. காயத்துக்காகக் கூட்டிக் கொடுத்த நேரத்தில், முடிகிற தறுவாயில் பாரிஸுக்கு ஒரு பெனால்டி. அதை அடிக்க வந்து நின்றது ஒரு டிஃபெண்டர். மெண்டி! கிராஸ் அடித்தால் எங்கே போகும் என்று தெரியாது என்றார்களே, அதே கால். அடித்தார். உள்ளே போனது. கோப்பை பாரிஸுக்கு.

"அந்த நேரத்துல பந்தைக் கையில வாங்கறதுக்கே நெஞ்சுல தில்லு வேணும் மாமா."

அந்தக் கோடையில் ஹல் சிட்டி. பிரீமியர் லீகுக்கு முதல்முறையாக வந்திருந்த அணி. நவம்பர் 1-ம் தேதி ஓல்டு டிராஃபோர்டில் மான்செஸ்டர் யுனைடெட்டோடு ஆட்டம். 4-3 என்று ஹல் தோற்றாலும், வான் டெர் சார் காத்த கோலில் மெண்டி ஒன்றைப் போட்டார். சில்வெஸ்டர் ஒன்பது வருஷம் காவல் காத்த மைதானம் அது. அவர் சில மாதங்கள் முன்புதான் அங்கிருந்து ஆர்செனலுக்குப் போயிருந்தார். அந்த சீசன் முடிவில் ஹல் எந்த இடம் என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள். ஆமாம், 17. கடைசி நாளில் இவர்கள் தோற்றார்கள். நியூகாஸிலும் தோற்றதால் தப்பினார்கள். அடுத்த வருஷம் அதிர்ஷ்டம் கைகொடுக்கவில்லை. ஹல் இறங்கியது.

பிறகு டென்மார்க்கில் ஓடென்ஸ், மறுபடியும் பிரான்ஸில் பிரெஸ்ட், அப்புறம் 2014-ல் சென்னை.

"தாம்பரம் வந்துடுச்சு மாமா" என்றான் மச்சினன். தோற்ற துக்கம் பாதி குறைந்திருந்தது. "டிக்கெட் காசு..." என்று அவன் ஆரம்பித்ததும் முழுசாகத் திரும்பி வந்துவிட்டது.

*

2015 சீசனில் மாட்டராஸி ஆடவில்லை, கோச் மட்டும். சில்வெஸ்டரும் இல்லை. மெண்டி மட்டும் திரும்பி வந்தார். இந்த முறை ஓரத்தில் இல்லை, நடுவில். பிரேஸில்காரர் மெயில்சன் ஆல்வெஸோடு ஸ்டாப்பர் ஜோடி. முன்னால் மெண்டோஸா என்ற கொலம்பியா இளைஞர் கோலாகப் போட்டுத் தள்ளினார். அந்த சீசனில் 13 கோல். பேப்பரில் தினமும் அவர் படம். மெண்டோஸாவுக்கும் மெண்டிக்கும் பேரில்தான் ஒற்றுமை. படம் ஒருவருக்குத்தான்!

நான் இப்போது ஒரு விளையாட்டு விளையாடத் தொடங்கினேன். பந்தைப் பார்க்காமல், பத்து நிமிஷம் மெண்டியை மட்டும் பார்ப்பது. செய்து பாருங்கள். உலகமே மாறிவிடும்! பந்து அந்தக் கோடியில் இருக்கும்போதும் மனுஷன் சும்மா நிற்பதில்லை. கையை நீட்டி லெஃப்ட் பேக்கை உள்ளே இழுப்பார். இரண்டடி முன்னால் வருவார். மறுபடி பின்னால் போவார். எதிரணி ஃபார்வர்டு ஓட நினைக்கிற இடத்தில் அவனுக்கு முன்னாலேயே போய் நின்றிருப்பார். வயது முப்பத்து நாலு. கார்லோஸைத் தாண்டிய வேகம் போய்விட்டது. அதனால் ஓடவேண்டிய அவசியமே வராத இடமாகப் பார்த்து நின்றார்.

இருந்தும் அணி தோற்றுக்கொண்டே இருந்தது. நவம்பர் நடுவில் பட்டியலில் சென்னை எங்கே? அடிமட்டத்தில். மெண்டி ராசி என்றார்கள் ஆபீஸில்.

அதே நவம்பர் நடுவில் எங்கள் முடிச்சூரில் தண்ணீர் வந்தது.

*

2015 மழையைப் பற்றித் தாம்பரத்துக்காரனிடம் யாரும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. நவம்பரில் அடையாறு ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. வரதராஜபுரம், முடிச்சூர், மேற்குத் தாம்பரம் எல்லாம் நனைந்து காய்ந்தன. சரி, முடிந்தது என்று மெத்தையை வெயிலில் போட்டோம். டிசம்பர் 1-ம் தேதி அது முழு ஆளாகவே வந்தது. 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பதிவான மழை 49 சென்டிமீட்டர். விமான நிலையத்தையே மூடிவிட்டார்கள். மொத்தத் தென்சென்னையும் தண்ணீரில்.

எங்களுடையது தரைத்தள வீடு. ராத்திரி பதினோரு மணிக்குக் கணுக்கால். ஒரு மணிக்கு முழங்கால். கரண்ட் இல்லை. ஃப்ரிட்ஜ் மிதந்து வந்து சமையலறைக் கதவை அடைத்துக்கொண்டது. மகனுக்கு எட்டு வயசு. அவனைத் தோளில் வைத்துக்கொண்டு, மனைவி கையைப் பிடித்துக்கொண்டு மாடிப்படிக்குப் போனேன். மாடி வீட்டுக்காரரோடு செப்டிக் டேங்க் விஷயமாக ஒரு வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. கதவைத் தட்டுமுன் திறந்தார். "உள்ள வாங்க சார்" என்றார். அவ்வளவுதான். ஒரு வருஷச் சண்டை மூன்று வார்த்தையில் முடிந்தது.

அடுத்த தெருவில் தனியாக இருந்தார் மாமியார். விடிந்ததும் நானும் மச்சினனும் போனோம். நெஞ்சளவு தண்ணீர், இழுப்பு வேறு. மாமியாருக்கு மூட்டு வலி, நடக்க முடியாது. எங்கிருந்தோ நாலைந்து பையன்கள் வந்தார்கள். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் மாமியாரை உட்காரவைத்து, ஆளுக்கொரு காலைப் பிடித்துத் தோளுக்கு மேல் தூக்கினார்கள். மாமியார் அந்த நிலையிலும், "பீரோவைப் பூட்டினியா?" என்றார்.

தெருமுனை திரும்பும்போது தண்ணீர் ஓர் அறை அறைந்தது. முன்னால் இருந்த இரண்டு பேருக்கும் கால் வழுக்கியது. நாற்காலி பின்பக்கம் சாய்ந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது நாற்காலி நிமிர்ந்திருந்தது. பின்னால் ஒரு பையன், கழுத்துவரை தண்ணீரில், முதுகைக் கொடுத்து நாற்காலியைத் தாங்கிக்கொண்டு நின்றிருந்தான். அசையவில்லை. முன்னால் இருந்தவர்கள் எழுந்து பிடிக்கும் வரைக்கும் அப்படியே நின்றான்.

மேட்டுக்கு வந்து மாமியாரை இறக்கிய பிறகு எல்லாருக்கும் கும்பிடு போட்டேன். முன்னால் பிடித்த இரண்டு பேரின் பெயரையும் கேட்டுக்கொண்டேன். பின்னால் நின்றவனைத் தேடினால், அவன் அடுத்த வீட்டு ஆளைத் தூக்கப் போயிருந்தான். முகத்தைக்கூட நான் சரியாகப் பார்க்கவில்லை.

*

வெள்ளத்தால் சென்னையில் மேட்ச் நடத்த வழியில்லை. இதற்கிடையில் அணி என்ன செய்திருந்தது தெரியுமா? கடைசி நாலு லீக் ஆட்டங்களையும் வரிசையாக ஜெயித்து, 22 புள்ளியோடு மூன்றாம் இடத்துக்கு ஏறியிருந்தது! டிசம்பர் 12-ம் தேதி, நம் ஊரில் நடக்கவேண்டிய அரையிறுதியைப் புனேயில் வைத்தார்கள். சொந்த ஊர் ஆட்டத்தைச் சொந்த ஊரில் ஆட முடியாத அணி. சொந்த வீட்டில் படுக்க முடியாத நாங்கள். கொல்கத்தாவை 3-0 என்று வென்றார்கள். கொல்கத்தாவில் 2-1 என்று தோற்றாலும் மொத்தத்தில் 4-2.

டிசம்பர் 20, ஞாயிறு. ஃபைனல். கோவாவில், கோவாவோடு. நாங்கள் குரோம்பேட்டையில் உறவுக்காரர் வீட்டில் தஞ்சம். ஒரே ஹாலில் பதினாலு பேர். கையில் இன்னும் சேறு வாசனை போகவில்லை. மச்சினன் நீலச் சட்டை போட்டிருந்தான். அது ஒன்றுதான் அவனுக்கு மிஞ்சிய நல்ல சட்டை.

54-வது நிமிஷம் பெலிசாரி கோல் போட்டார். ஹால் அதிர்ந்தது. நாலே நிமிஷத்தில் கோவாவின் ஹாவ்கிப் சமன் செய்தார். 87-வது நிமிஷம் ஜோஃப்ரே ஒரு ஃப்ரீ கிக். கோவா 2-1. மைதானமே எழுந்து ஆடியது. எங்கள் ஹாலில் ஒருவர் டி.வி.யை அணைக்கப் போனார்.

"அணைக்காதீங்க!" என்று கத்தினேன். எனக்கே ஆச்சரியம், அது என் குரலா என்று.

ஏனென்றால் நான் பந்தைப் பார்க்கவில்லை. மெண்டியைத் தேடிக்கொண்டிருந்தேன். போல்டனில், பாரிஸில், ஹல்லில் என்று கழுத்துவரை தண்ணீர் வந்த நாட்களை எத்தனையோ பார்த்தவர். இந்த ஆள் களத்தில் இருக்கும்போது எதற்கு டி.வி.யை அணைப்பது?

90-வது நிமிஷம் பந்து கோவா கோலி கட்டிமனி மேல் பட்டு அவர் கோலுக்குள்ளேயே போனது. 2-2. அடுத்த இரண்டாவது நிமிஷம் மெண்டோஸா. 3-2! விசில்! சென்னை சாம்பியன்!

பதினாலு பேரும் குதித்ததில் கீழ்வீட்டுக்காரர் ஓடிவந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு அவரும் குதித்தார். மச்சினன் அழுதான். வீடு மூழ்கியபோது அழாதவன். மாமியார் மட்டும் நிதானமாக, "யாரு ஜெயிச்சது?" என்று கேட்டார். "நாமதான் அத்தை" என்றேன். அந்த மாசத்தில் 'நாம ஜெயிச்சோம்' என்று சொல்ல எங்களுக்கு வேறு எதுவும் இருக்கவில்லை.

மறுநாள் பேப்பரில் மெண்டோஸா படம் பெரிசாக. எல்லாரும் கோப்பையோடு நிற்கிற படத்தில் மெண்டியைத் தேடிக் கண்டுபிடித்து மகனிடம் காட்டினேன். "இவர் எத்தனை கோல்ப்பா?" என்றான்.

"இவர் போடறவர் இல்லடா. பின்னாடி நிக்கிறவர்."

*

2016-ல் மெண்டியையே கேப்டனாக்கினார்கள். கதை என்றால் இங்கே இரண்டாவது கோப்பை வரவேண்டும். வாழ்க்கை அப்படி இல்லையே! எட்டு அணிகளில் சென்னைக்கு ஏழாவது இடம். மெண்டியின் சென்னைக் கணக்கு அத்தோடு முடிந்தது. பிறகு பாரிஸ் திரும்பி, தன் பழைய கிளப்பின் பெண்கள் அணிப் பயிற்சிக் குழுவில் சேர்ந்தார். 2018 மார்ச்சில் பெங்களூரை 3-2 என்று வென்று சென்னை மறுபடி கோப்பை வாங்கியபோது, இரண்டு கோல் போட்டவர் ஒரு டிஃபெண்டர்: மெண்டியோடு ஜோடியாக நின்ற மெயில்சன். கேட்டதும் எனக்கு வீட்டு விசேஷம் மாதிரி இருந்தது.

அந்த நாற்காலிப் பையனை நான் இன்னும் தேடுகிறேன். முடிச்சூர் டீக்கடையில், தாம்பரம் ஸ்டேஷன் படிக்கட்டில், ரயிலில், அந்த வயசுக்காரன் யாரைப் பார்த்தாலும் முதுகைத்தான் பார்க்கிறேன். முகம் தெரியாதே!

போன வாரம் குரோம்பேட்டையில் ஓர் இளைஞன் ஏறப் பார்த்தான். தோளில் பை, கையில் பரீட்சை ஹால் டிக்கெட். நான் வழக்கம்போல வாசலில், காலை அகட்டி. ஒரு நிமிஷம் யோசித்தேன். நகர்ந்து வழிவிட்டேன்.

"தேங்க்ஸ் சார்" என்றான்.

டிஃபெண்டர் என்றால் யாரைத் தடுப்பது, யாரைத் தாங்குவது என்று தெரிந்திருக்க வேண்டும், இல்லையா?

பின்குறிப்பு: 2014 அரையிறுதி டிக்கெட் காசை மச்சினன் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறான். அந்த விஷயத்தில் என் டிஃபென்ஸை மெண்டியாலும் உடைக்க முடியாது!